ஓருயிரைக் காக்க ஓருயிரைக் கொல்லலாமா?

கொல்லாமையே தலையாய அறம் என்பதை நம் குடும்பங்களில் பிறந்த எவருக்கும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரவில் உண்ணாமையும், நீரை வடிகட்டிப் பருகுதலும், கிழங்குகளை விலக்குதலும் அவ்வறத்தின் அன்றாட வடிவங்களே. ஆயினும் எளிதில் விடை கூற இயலாத வினா ஒன்று நம் இளைஞர்களிடமிருந்து அடிக்கடி எழுகின்றது. “கொடிய உயிர் ஒன்றைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்கும் என்றால், அப்போதும் கொல்லாதிருப்பதுதான் அறமா? பார்த்துக்கொண்டு வாளாவிருப்பதும் ஒருவகைக் கொலையன்றோ?” என்பதே அவ்வினா.

இவ்வினாவைப் பெரும்பாலும் கற்பனை எடுத்துக்காட்டுகளைக் கொண்டே விவாதிக்கிறோம். குழந்தையின் தொட்டிலை நாகம் நெருங்குகிறது, அருகில் தடி இருக்கிறது, என் செய்வது என்று கேட்பார்கள். கற்பனையில் எல்லாம் தெளிவாக இருக்கும். நாகம் கடிக்கும் என்பது உறுதி. தடியால் அடித்தால் குழந்தை பிழைக்கும் என்பதும் உறுதி. வாழ்க்கையில் அத்தகைய உறுதி கிடைப்பது அரிது. ஆகவே, இவ்வினா உண்மையிலேயே எழுந்து, உண்மையிலேயே செயலாக முடிந்த ஓரிடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயனுடையதாகும். அவ்விடம் தென்கடலில் உள்ள மக்குவாரித் தீவு.

தீவும் அதன் துயர வரலாறும்

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில், தாஸ்மேனியாவுக்கும் பனிக்கண்டமாகிய அண்டார்க்டிகாவுக்கும் ஏறக்குறைய நடுவழியில் இத்தீவு கிடக்கின்றது. நீளம் 34 கிலோமீட்டர். அகலம் 5 கிலோமீட்டர் அளவே. மரம் ஒன்றுகூட இல்லை. ஓயாத காற்றும் மழையும் குளிரும் உடைய நிலம். ஆயினும் உயிர்கள் அங்கே இலட்சக்கணக்கில் ஒன்றுகூடுகின்றன. ராயல் பென்குயின் என்னும் பறவை இத்தீவையும் அதனைச் சார்ந்த சிறு பாறைத் தீவுகளையும் தவிர உலகில் வேறெங்கும் குஞ்சு பொரிப்பதில்லை. அல்பட்ராஸ், பெட்ரல் முதலிய கடற்பறவைகள் ஆண்டுதோறும் வந்து மண்ணில் வளை தோண்டியும் புல்வெளியில் கூடமைத்தும் குஞ்சு வளர்க்கின்றன. நிலத்தில் வாழும் பாலூட்டி விலங்கு எதுவும் அங்கே இயல்பாக இருந்ததில்லை. அதனால் அப்பறவைகளுக்குப் பூனையென்றால் என்ன, எலியென்றால் என்ன என்று தெரியாது. அஞ்சவும் தெரியாது, ஓடவும் தெரியாது.

1810ஆம் ஆண்டில் கடல்நாய் வேட்டைக் கப்பல் ஒன்று இத்தீவைக் கண்டது. அன்று தொடங்கியது துயரம். தோலுக்காகக் கடல்நாய்களைக் கொன்று, பத்தாண்டு அளவில் அவ்வினத்தை அங்கே ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டனர். அதன்பின் எண்ணெய்க்காக யானைச்சீல்களைக் கொன்றனர். பிற்பாடு பென்குயின்களையே பெரிய கொப்பரைகளில் இட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுத்தனர். இக்கொடுமையைக் கேள்வியுற்ற மக்கள் எழுப்பிய எதிர்ப்பினால் 1919ஆம் ஆண்டளவில் அத்தொழில் நின்றது. 1933இல் தீவு உயிர்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1997இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஆயிற்று.

வேட்டைக்காரர் போய்விட்டனர். அவர்கள் கொண்டுவந்தவை போகவில்லை. கப்பல்களிலிருந்து பூனைகள் இறங்கின. எலிகளும் சுண்டெலிகளும் இறங்கின. 1870களில், உணவுக்கு உதவும் என்று முயல்களைக் கொண்டுவந்து விட்டனர். இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அத்தீவுக்கே உரிய கிளி ஒன்று இருந்தது. பூனைகள் வந்த பின்னரும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அக்கிளி பிழைத்திருந்தது. குளிர்காலத்தில் கடற்பறவைகள் தீவை விட்டுச் செல்ல, இரையின்றிப் பூனைகள் பெருகாமல் இருந்தன. முயல்கள் வந்தபின் குளிர்காலத்திலும் இரை கிடைத்தது, பூனைகள் பெருகின, இருபது ஆண்டுகளுக்குள் கிளி அடியோடு மறைந்தது. முயல் ஒரு கிளியையும் தீண்டவில்லை. ஆயினும் முயலை விட்டவனின் கையில் அக்கிளியின் அழிவு இருந்தது. வினையின் வழிகள் எவ்வளவு நுட்பமானவை!

ஒன்றைத் திருத்த மற்றொன்று

முயல்கள் பல்கிப் புல்லையும் அகன்ற இலைச் செடிகளையும் வேரோடு தின்றன. சரிவுகளில் மண் பிடிப்பு இழந்தது. எனவே 1968இல் முயல் தெள்ளுப்பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டனர். 1978இல் அத்தெள்ளுப்பூச்சிகளின் வாயிலாக முயல்களுக்கு நோய் உண்டாக்கும் நச்சுயிரைப் பரப்பினர். முயல்கள் பல்லாயிரக் கணக்கில் மடிந்தன. இரை குறைந்த பூனைகள் பறவைகளின்பால் திரும்பின. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60,000 கடற்பறவைகள் பூனைகளால் மடிந்தன என்று மதிப்பிட்டனர். ஆகவே பூனைகளை ஒழிக்கத் தொடங்கினர். 2000ஆம் ஆண்டில் கடைசிப் பூனை கொல்லப்பட்டது.

அதன்பின் முயல்கள் மீண்டும் பெருகி ஓர் இலட்சத்தைத் தாண்டின. பூனைகளை ஒழித்ததே இதற்குக் காரணம் என்று 2009இல் ஆய்வாளர் சிலர் எழுதினர். நோய்க்கிருமியின் ஆற்றல் குன்றியதே முதன்மைக் காரணம் என்று வேறு சிலர் மறுத்தனர். கற்றறிந்தோரே இரண்டு பட்டனர். 2006ஆம் ஆண்டு செப்டம்பரில், தழையிழந்த மலைச்சரிவு ஒன்று சரிந்து, கிங் பென்குயின்கள் கூடிவாழ்ந்த இடத்தின் ஒரு பகுதியை மூடியது.

ஒழிப்புப் பணி

முயல், எலி, சுண்டெலி ஆகிய மூன்றையும் ஒருசேர அடியோடு ஒழிப்பது என்று ஆஸ்திரேலிய அரசும் தாஸ்மேனிய அரசும் 2007இல் முடிவு செய்தன. ஏறத்தாழ 2.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கப்பட்டது. தானிய உருண்டைகளில் புரோடிஃபாக்கம் என்னும் நஞ்சைக் கலந்து, ஹெலிகாப்டர்களிலிருந்து தீவு முழுதும் தூவ வேண்டும் என்பது திட்டம். இந்நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுப்பது. உண்ட உயிர் உடனே இறப்பதில்லை. சில நாள்கள் கழித்து உள்ளுக்குள்ளே இரத்தம் கசிந்து இறக்கும்.

2010இல் தொடங்கிய பணி கடும் வானிலையால் நின்றது. தீவின் ஒரு சிறு பகுதியிலேயே நஞ்சு தூவப்பட்டிருந்தது. அதற்குள்ளாகவே, நஞ்சுண்டு இறந்த முயல்களின் உடலைத் தின்ற பறவைகள் நூற்றுக்கணக்கில் மாண்டன. இதைக் கண்டு திகைத்த அதிகாரிகள் முறையைச் சற்று மாற்றினர். 2011 பிப்ரவரியில் முயல்களுக்கு வேறொரு நோயைப் பரப்பி, அவற்றின் எண்ணிக்கையை முன்கூட்டியே வெகுவாகக் குறைத்தனர். நச்சுப் பிணங்கள் குறைந்தால் பறவைகள் பிழைக்கும் என்பது கருத்து. பின்னர், பெரும்பாலான பறவைகள் கடலுக்குச் சென்றிருக்கும் குளிர்காலத்தில் சுமார் 300 டன் நச்சுருண்டைகளைத் தூவினர். அதன்பின் வேட்டைக்காரர்களும், பறவைகளைத் துரத்தாதபடி பழக்கப்பட்ட நாய்களும் இறங்கினர். எஞ்சியிருந்தவை 13 முயல்களே. அவற்றையும் தேடிக் கொன்றனர். இனி ஒன்றும் இல்லை என்று உறுதி செய்வதற்காக மேலும் ஈராண்டுகளுக்கு மேல், மொத்தம் 90,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக நடந்து தேடினர். 2014 ஏப்ரலில், தீவில் அயல் விலங்கு எதுவும் இல்லை என்று அறிவித்தனர்.

காக்கப்பட வேண்டிய பறவைகளிலேயே 2,400க்கு மேற்பட்டவை இப்பணியில் இறந்து கிடக்கக் காணப்பட்டன. அதே வேளையில் பயனும் விளைந்தது என்பதை மறைக்கலாகாது. புல் செழித்தது. அகன்ற இலைச் செடிகள் மீண்டும் தழைத்தன. வளைகளில் வாழும் பெட்ரல் பறவைகள் பெருகி வருகின்றன.

கொன்றோர் கூறும் நியாயம்

அவர்கள் கொடியவர்கள் அல்லர் என்பதை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பறவைகளின்பால் பேரன்பு கொண்டு, வீட்டையும் சுற்றத்தையும் பிரிந்து, பனிக்காற்றில் மாதக்கணக்கில் உழைத்தவர்கள். அவர்கள் கூறும் நியாயங்கள் நான்கு.

முதலாவது, எண்ணிக்கை. இன்று ஒருமுறை கொன்றால், வருங்காலத்தில் ஆண்டுதோறும் நிகழவிருக்கும் எண்ணற்ற சாவுகள் தவிர்க்கப்படும் என்பர். இரண்டாவது, திரும்பாமை. முயலும் எலியும் உலகெங்கும் உள்ளன. ஒரு தீவில் மட்டும் வாழும் பறவையினம் அழிந்தால் மீளாது என்பர். மூன்றாவது, பொறுப்பு. இவ்விலங்குகளைக் கொண்டுவந்தவன் மனிதன். ஆகவே அத்தீங்கைச் சரிசெய்யும் கடமையும் அவனுடையதே என்பர். நான்காவது, இரக்கம். அட்லாண்டிக் கடலில் உள்ள காஃப் தீவில் சுண்டெலிகள் அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. எதிர்க்கத் தெரியாத குஞ்சு, கூட்டிலேயே அமர்ந்தபடி மெல்ல மெல்ல உயிர் விடுகின்றது. இதைப் பார்த்துக்கொண்டு நிற்பவனைக் கருணையுள்ளவன் எனலாமா என்று கேட்பர்.

இவற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. கொல்லாமையைப் போற்றுகின்ற நாம், இந்நியாயங்களை அவற்றின் முழு வலிமையோடு கேட்டபின்பே விடை கூறுதல் முறை. ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்தும் நோக்குக என்னும் அநேகாந்தம் நமக்குக் கற்பிப்பதும் அதுவே.

ஆசார்யர் கூறும் விடை

வியப்பு என்னவெனில், இவ்வினா நமக்குப் புதிதன்று. குந்தகுந்தரின் சமயசாரத்துக்கு உரை கண்டவரும் பத்தாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படுபவருமான அமிர்தசந்திராசார்யர், இல்லறத்தார்க்கென இயற்றிய புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூலில் இதனை நேராகவே எடுத்துக்கொள்கிறார். பிற உயிர்களைக் கொன்று வாழும் ஓருயிரை அழித்தால் பல உயிர்கள் பிழைக்கும் என்ற எண்ணத்தால் கொல்வதை அவர் மறுக்கின்றார். அவ்வுயிர் மேலும் மேலும் பாவம் சேர்க்கின்றதே என்று இரங்கிக் கொல்வதையும் மறுக்கின்றார். துன்புறும் உயிரின் துன்பம் சாவினால் தீரும் என்று கருதிக் கொல்வதையும் மறுக்கின்றார். மேலே கண்ட முதல் நியாயத்தையும் நான்காம் நியாயத்தையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவர் கேட்டிருக்கிறார் என்பது தெளிவு.

ஏன் மறுத்தார்? “அப்படிச் செய்தாலும் பயன் விளையாது” என்பதற்காக மறுத்தார் என்று கொண்டால், மக்குவாரித் தீவு அதற்கு எதிர்ச்சான்றாகிவிடும். அங்கே பயன் விளைந்தது. காஃப் தீவில் விளையவில்லை என்பதும் உண்மை. 2021இல் அங்கும் நஞ்சு தூவினர். அவ்வாண்டு டிசம்பரிலேயே சுண்டெலி ஒன்று உயிரோடு காணப்பட்டது. அத்தனை உயிர்களையும் கொன்று, கொல்வதற்கு முன்னிருந்த நிலைக்கே திரும்பினர். எனினும் ஓரிடத்து வெற்றியையும் ஓரிடத்துத் தோல்வியையும் வைத்து அறத்தை அளக்கலாகாது. இலாப நட்டம் பார்ப்பது வாணிகத்தில், அறத்தில் அன்று.

ஆசார்யரின் மறுப்பு வேறோர் அடிப்படையில் நிற்கின்றது. உயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே ஓர் உயிர். இன்பத்தையும் துன்பத்தையும் அதுவே நுகர்கின்றது. தன் வினையைத் தானே சுமக்கின்றது. ‘இனம்’ என்பது நாம் வகுத்துக்கொண்ட பெயர். இனத்துக்கு வலியில்லை, அதில் உள்ள ஒவ்வோர் உயிருக்கும் வலியுண்டு. ‘உலகெங்கும் முயல்கள் உள்ளன’ என்பது, வளைக்குள் இரத்தம் கசிந்து கிடக்கும் அம்முயலுக்கு ஆறுதலாகாது. மேலும், அல்பட்ராஸும் ஐயறிவுயிர், எலியும் ஐயறிவுயிர். ஒன்று அழகியது, ஒன்று அருவருப்பானது என்பது நம் கண்ணின் தீர்ப்பேயன்றி வேறன்று. புல்லும் செடியும் காக்கப்படுவதற்காக முயலைக் கொல்வது எனின், ஓரறிவுயிருக்காக ஐயறிவுயிரைக் கொல்வதாகிவிடும். அந்நியாயம் நம் அளவுகோலில் இன்னும் வலுக்குறைந்தது.

எவ்வகை இம்சை?

இல்லறத்தார் வாழ்வில் நேரும் இம்சையை நம் பெரியோர் நான்காகப் பகுத்தனர். சமைத்தல், பெருக்குதல் முதலிய வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்பி இம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்யோகி இம்சை. தாக்க வருவோரைத் தடுக்கும்போது நேர்வது விரோதி இம்சை. கொல்ல வேண்டும் என்று கருதியே கொல்வது சங்கல்பி இம்சை. முதல் மூன்றையும் இயன்ற அளவு குறைக்க வேண்டும். நான்காவதை இல்லறத்தானும் முற்றாக விலக்க வேண்டும் என்பது விதி.

தீவில் நிகழ்ந்தது விரோதி இம்சையே, பறவைகளுக்காகப் போரிட்டனர் என்று சிலர் கூறலாம். இதனைச் சற்று ஆராய்வோம். தாக்குபவனைத் தடுப்பவன், தாக்குதல் நின்றதும் நிற்கின்றான். ஓடுகின்றவனைத் துரத்திச் சென்று அவன் குழந்தைகளையும் தேடிக் கொல்வதில்லை. ஒழிப்புப் பணியின் இலக்கணமோ நேர்மாறானது. ஓர் இணை எஞ்சினாலும் எல்லாம் வீண். எனவே தீங்கு செய்ததும் செய்யாததும், வளைக்குள் கண்திறவாத குட்டியும் உட்பட, ஒன்றுவிடாமல் மடிந்தே ஆக வேண்டும். 13 முயல்களுக்காகத் தீவு முழுதும் நடந்த நடை அதற்குச் சான்று. ஒருவருக்கும் வெறுப்பு இல்லாமலே செய்திருக்கலாம். ஆயினும் ‘கொல்ல வேண்டும்’ என்ற கருத்து அதில் தொடக்கம் முதல் முடிவு வரை இருந்தது. ஆகவே சங்கல்பி என்று சொல்வதன்றி வேறு பெயர் அதற்குப் பொருந்தாது.

கருத்தே வினைக்கு வித்து என்பதற்கு நம் யசோதர காவியத்தினும் சிறந்த சான்று வேண்டுமோ? மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டதற்கே, மன்னனும் அவன் தாயும் பிறவிதோறும் விலங்காய்ப் பிறந்து உழன்றனர். அங்கே ஓருயிரும் வெட்டப்படவில்லை. வெட்டும் கருத்து மட்டுமே இருந்தது.

“வாளாவிருப்பது கொலையாகாதா?”

இனி, இளைஞர்களின் வினாவுக்கு வருவோம். சுண்டெலி குஞ்சைத் தின்பதைத் தடுக்காதவன் கொன்றவனாவானா? ஆகான். ஓருயிர் தன் பசிக்குச் செய்ததன் வினை இன்னோர் உயிரைச் சாராது. ஆனால் இவ்விடையோடு நின்றுவிட்டால் நாம் கல்நெஞ்சர் ஆவோம். கொல்லாமை என்பது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதன்று. அதன் மறுபக்கம் கருணை. தடுக்க வல்ல கொலையற்ற வழி இருந்தும் சோம்பியிருப்பவனைக் கருணையில்லாதவன் என்றே கூறவேண்டும்.

வழியே இல்லையெனில்? அப்போது பறவைகள் இறக்கும். ஒருகால் ஓரினமே மறையவும் கூடும். அவ்விலையை மறைத்துப் பேசுவது உண்மையாகாது. கொல்லாமையை மேற்கொள்பவன் இத்துயரத்தைக் கண்ணாற் கண்டு, நெஞ்சிற் சுமந்தே மேற்கொள்ள வேண்டியிருக்கிறது. வாய்மை விரதம் பூண்டவன் பொய்யினால் வரக்கூடிய நன்மையை இழக்கத் துணிவது போன்றதே இதுவும்.

மூன்றாம் நியாயமாகிய பொறுப்பு மிகவும் கூர்மையானது. மனிதன் செய்த தீங்கை மனிதனே தீர்க்க வேண்டும் என்பதை மறுப்பாரில்லை. ஆனால் கடன் மனிதனுடையது. அதனை முயல் தன் உயிரால் அடைப்பது எங்ஙனம் முறையாகும்? முயல் தானாக வரவில்லை. கூண்டில் அடைத்துக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவன் இறந்து நூறாண்டு கடந்தபின், கொண்டுவரப்பட்டதன் வழித்தோன்றலைத் தண்டிக்கின்றோம். பிராயச்சித்தம் என்பது செய்தவன் தன்னை ஒறுத்துக்கொள்வது. பிறிதோர் உயிரை ஒறுப்பதன்று.

மூன்றாவது வழி

கொல்வது, விட்டுவிடுவது என்னும் இரண்டே வழிகள் உள்ளன என்று எண்ணுகின்ற வரையில் மூன்றாவது வழி கண்ணிற் படாது. இதற்கு ஸ்காட்லாந்து நாட்டில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள யூயிஸ்ட் தீவுகளில், தோட்டத்துப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று 1974இல் சில முள்ளெலிகளைக் கொண்டுவந்து விட்டனர். அவை பெருகிக் கரைப்பறவைகளின் முட்டைகளைத் தின்றன. 2003இல் அவற்றைக் கொல்லத் தொடங்கினர். உயிரோடு பிடித்து அவற்றின் தாய்நிலத்தில் விடலாமே என்று அன்புடையோர் வேண்டியபோது, கொண்டுபோய் விட்டால் அங்கே மெல்லச் சாகும், கொல்வதே இரக்கம் என்று விடை வந்தது. அன்புடையோர் விடவில்லை. ஆய்வு செய்து, அவை பிழைக்கும் என்று காட்டினர். 2007 முதல் கொல்வது நிறுத்தப்பட்டு, உயிரோடு பிடித்துப் பெருநிலத்தில் விடும் முறை வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சார்ந்த சான் நிக்கலஸ் தீவிலும், 2009, 2010ஆம் ஆண்டுகளில், கொல்லப்படவிருந்த காட்டுப் பூனைகள் பலவற்றை விலங்கு நல அமைப்பு ஒன்று ஏற்று, பெருநிலத்தில் காப்பிடம் அமைத்து வளர்த்தது.

பல்லாயிரம் எலிகள் உள்ள பெருந்தீவில் இது இயலாது என்பர். இன்று இயலாது என்பது உண்மையே. ஆயினும் விலங்குகள் கருவுறாமற் செய்யும் மருந்துகள் பற்றிய ஆய்வு நடைபெற்று வருகின்றது. அம்முறை கைவருமாயின், இருக்கும் உயிர்கள் தம் ஆயுளை வாழ்ந்து முடிக்க, ஒரு கொலையுமின்றி எண்ணிக்கை குறையும். பெருந்தீவுகளுக்கு ஏற்ற நிலையை அது இன்னும் எட்டவில்லை. நஞ்சுக்கு ஒதுக்கப்படும் கோடிகளோடு ஒப்பிட்டால், கொலையற்ற வழியைத் தேடுவதற்கு ஒதுக்கப்படுவது சிறிதே. ‘கொல்வது அறமே’ என்று ஒப்புக்கொண்ட உலகம் வேறு வழி தேட விரையாது. ‘இது இம்சையே’ என்று ஓயாது சொல்பவர் இருந்தால்தான் தேடும். முள்ளெலிகள் பிழைத்தது அவ்வாறு சொல்பவர் இருந்ததால்.

முதற்காலடியிற் கவனம்

மக்குவாரித் தீவுக்கு இன்று செல்வோர் நடந்துகொள்ளும் முறையைக் கேட்டால் நம்மவர் வியப்புறுவர். கப்பலேறுமுன் காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவுகின்றனர். உடையின் மடிப்புகளிலும் பைகளின் மூலைகளிலும் விதை ஒட்டியிருக்கிறதா என்று துருவிப் பார்க்கின்றனர். பெட்டிகளில் எலியோ பூச்சியோ புகுந்துள்ளதா என்று ஆராய்கின்றனர். இறக்கும்போதும் அவ்வாறே.

இதனை நாம் முன்பே அறிவோம் அல்லவா? பார்த்து நடத்தல் ஈர்யா சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர் எதற்கும் ஊறு நேராவண்ணம் பார்த்து எடுத்தலும் வைத்தலும் ஆதான நிக்ஷேபண சமிதி. மயிற்பீலியால் மெல்ல நீக்கியபின் அமரும் முனிவரைக் கண்டு, இவ்வளவு நுட்பம் எதற்கு என்று நகைத்தவர்கள் உண்டு. அதற்கு மக்குவாரித் தீவு விடை கூறுகின்றது. 1810க்குப் பின் அங்கே சென்றவர்கள் ஒரு பெட்டியை வைக்குமுன் பார்த்து வைத்திருந்தால் எலிகள் இறங்கியிரா. பூனையைக் கப்பலிலேயே நிறுத்தியிருந்தால், முயலைக் கொண்டுவராதிருந்தால், கிளி மறைந்திராது. 300 டன் நஞ்சும் தேவைப்பட்டிராது. கொல்லலாமா கூடாதா என்ற கொடிய வினாவே எழுந்திராது. கவனமின்மை முதலில் சிறிதாகத்தான் இருக்கின்றது. அதனை ஈடுசெய்யும் கொலையோ பெரிதாகின்றது. கவனமின்மையாகிய பிரமாதத்தையே இம்சையின் வேர் என்று ஆன்றோர் கூறியதன் பொருள் இங்கே விளங்கும்.

நாம் செய்யத்தக்கது

நம்மில் எவரும் அத்தீவுக்குச் செல்லப்போவதில்லை. எனினும் இம்சை மூவகையாகச் செய்யப்படுகின்றது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதைக் கண்டு உடன்பட்டு மகிழ்தல். தீவிலிருந்து எலிகள் ஒழிந்தன என்ற செய்தியைப் படித்து ‘நன்றாயிற்று’ என்று நெஞ்சம் குளிர்ந்தால், அனுமோதனை அங்கே நிகழ்ந்துவிடுகின்றது. பறவைகள் பெருகுவது கண்டு மகிழலாம். அதற்காகச் சிந்திய இரத்தத்தை மகிழலாகாது. இரண்டையும் பிரித்தறிவதே விவேகம். கொன்றவரை இகழவும் வேண்டாம். அவர்களின் அன்பைப் போற்றி, அவர்களின் வழியை ஏற்காதிருத்தல் இயலும்.

நம் பிள்ளைகள் இன்று விலங்கியலும் சுற்றுச்சூழலியலும் கற்கின்றனர். இத்தகைய பணி நாளை அவர்களைத் தேடி வரலாம். தாவரங்களையும் பறவைகளையும் கணக்கெடுத்தல், கப்பல்களையும் சரக்குகளையும் சோதித்து அயலுயிர் புகாமல் தடுத்தல், கருத்தடை முறைகளை ஆராய்தல் ஆகியவற்றில் அவர்கள் மனமுவந்து ஈடுபடலாம். நஞ்சு தூவும் பணியை அணுவிரதம் ஏற்றவர் விலக்குவதே தக்கது. விலக்கும்போது வேறு வழியை முன்வைக்கும் கல்வியும் அவர்களுக்கு இருத்தல் வேண்டும். ‘கூடாது’ என்று மட்டும் சொல்பவரை உலகம் செவிமடுப்பதில்லை.

உழவுத் தொழிலையே வழிவழியாகச் செய்துவரும் நம் குடும்பங்களுக்கு எலி, தொலைதூரத் தீவின் செய்தியன்று. வயல் வரப்பின் செய்தி. வரப்புகளை உயரமும் அகலமும் குறைத்து அமைத்தால் எலி வளை தோண்டுவது குறையும். நெற்குதிரைத் தரையிலிருந்து உயர்த்தி, துளையின்றிக் காத்தால் களஞ்சியத்தில் எலி புகாது. இவற்றைச் செய்யாமல் விட்டுவிட்டு, எலி பெருகியபின் நஞ்சு வாங்கக் கடைக்குச் செல்பவர், தென்கடலில் முயலை விட்டவரினும் எவ்வகையில் வேறுபட்டவர் என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக. கருதிக் கொல்லும் நிலைக்கு நம்மைக் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் அதற்கு முன் நாம் கருதாமல் விட்ட ஒன்றே.

ஆகவே, ‘ஓருயிரைக் காக்க ஓருயிரைக் கொல்லலாமா?’ என்று கேட்கும் இளைஞருக்கு நாம் கூறத்தக்கது இதுவே: கொல்லலாகாது. அதனால் நேரும் இழப்பையும் ஒளிக்கலாகாது. கொலையற்ற வழி தேடும் முயற்சியைக் கைவிடவும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வினா எழாதவண்ணம் எடுப்பதையும் வைப்பதையும் இன்றே பார்த்துச் செய்க.

அறம் வளர்க!